நீலத்தின் சகவாசம்

ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் சிம்மாசனம். சக்கரம் வைத்த சாதாரண நாற்காலிகூட அவர் உட்கார்ந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும். டீ கேட்பதானாலும் ‘அடிப்படையில் பார்த்தால்’ என்றுதான் தொடங்குவார்.

நீல நிறத்தில் வளரும் பாக்டீரியாவோடு மல்லுக்கட்டுகிறவள் நீலி. எதைக் கேட்டாலும் ‘தெரியலையே, பார்த்துடலாம்’ என்பாள். அவளுடைய நீலம் பரம சாது. மருந்து கலந்த தட்டில் வைத்தால் செத்துப்போகும். வெள்ளையாக வளரும் இன்னொன்று அதே மருந்தைத் தின்று ஏப்பம் விடும். இரண்டையும் ஒரே குழாயில் குடித்தனம் வைத்துவிட்டு, மருந்துத் தட்டில் பரப்பியிருந்தாள். காலையில் வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே சில நீலப் புள்ளிகள்.

“மருந்து பழசு. தூக்கிப் போடுங்க,” என்றார் சிம்மாசனம்.

“இல்ல சார். அதே மருந்துல நீலத்தைத் தனியா வெச்ச தட்டு மொட்டையா கிடக்கு பாருங்க.”

“அடிப்படையில் பார்த்தால், குணம்கிறது அப்பன் பாட்டன் வழியா வரணும். பக்கத்துல நின்னா ஒட்டிக்குமா? வெள்ளை மருந்தைத் தின்னு தீர்த்த இடத்துல உங்க நீலம் ஒண்டிப் பிழைச்சிருக்கு.”

அதில் நியாயம் இருந்தது. எரிச்சலே அதுதான்.

“அப்ப ஒண்டுக்குடித்தனத்தைக் காலி பண்ணிப் பார்க்கலாம் சார். நீலத்தை மட்டும் எடுத்துப் புது மருந்துத் தட்டுல கோடு கோடா இழுத்து வைக்கிறேன்.”

“காலையில மொட்டையா இருந்தா எல்லாம் குப்பைக்கு. உங்க ஆராய்ச்சியும்தான். அப்புறம் நீலிக் கண்ணீர் வடிக்கக் கூடாது.” தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில், பாலைக் குடிக்கச் சொன்னதற்கு நீலியின் மகள் ஒரு கையை உயர்த்தி, “அடிப்படையில் பார்த்தால், எனக்குப் பசியில்லைம்மா,” என்றிருக்கிறாள்.

“இதை யாருடி சொல்லிக் கொடுத்தது?”

குழந்தை சிம்மாசனத்தைப் பார்த்ததே இல்லை. கணவர்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “உன்கிட்டேருந்துதான். நீ இப்பல்லாம் அப்படித்தானே பேசுற.”

மறுநாள் தட்டைத் திறந்தபோது, இழுத்த கோடெல்லாம் பேனா மை கொட்டியதுபோல நீலம். மருந்துக்குக்கூட வெள்ளை இல்லை. ஒண்டிப் பிழைத்ததென்றால் தனியே வந்ததும் செத்திருக்கும். இதுவோ பக்கத்து வீட்டில் வாங்கியதைத் தன் பிள்ளை குட்டிகளுக்கும் கொடுத்திருக்கிறது.

சிம்மாசனம் தட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உட்கார மறந்துவிட்டார்.

“எப்படிக் கைமாத்துச்சு?”

“தெரியலையே சார். பார்த்துடலாம்.”

மதியம் மேலிடத்திலிருந்து போன். அதே கேள்விதான் போலிருக்கிறது. சிம்மாசனம் தொண்டையைச் செருமினார். நாங்கள் ‘அடிப்படை’க்குக் காத்திருந்தோம்.

“தெரியலையே,” என்றார் அவர். “பார்த்துடலாம்.”

நீலி குப்பைக்கூடையைக் காலால் மெல்ல மேஜைக்கடியில் தள்ளினாள்.