பெட்டியில் காத்திருந்த பற்கள்

அந்தக் குடும்பத்தில் அம்மாவுக்கும் சித்திக்கும் பெரிய மாமாவுக்கும் ஒரே சிரிப்பு. பிறவியில் வந்த சிரிப்பு இல்லை, அண்ணன் செய்து கொடுத்தது. அண்ணனுக்குப் பல்செட்டுத் தொழில். எல்லோருக்கும் ஒரே அளவில், ஒரே வெள்ளையில் வரிசை கட்டிவிடுவான். நாற்பதில் பல் போவது வம்ச வழக்கம் என்பதால் அந்த வீட்டில் யாரும் அதற்காக அழுததில்லை.

இப்போது தங்கையின் முறை. அவளுக்கு லாரி ஷெட்டில் வேலை. பின்பக்கமாக நகர்ந்து வரும் லாரிகளுக்கு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடித்து வழிகாட்டுவாள். நீளமாக ஒன்று அடித்தால் வா, சட்டென்று இரண்டு அடித்தால் நில். டிரைவர்கள் அவளைச் சீட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மாமாவும் ஒரு காலத்தில் இதே வேலை பார்த்தவர்தான். செட்டு மாட்டிய முதல் நாள் விரலை வைத்து ஊதினார். செட்டு பறந்துபோய் லாரிச் சக்கரத்தடியில் விழுந்தது. மறுநாளே அவரைக் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்துவிட்டார்கள்.

போன மாதம் விளையாட்டுப் போல அவளுக்குப் பல் அச்சு எடுத்துக்கொண்டு போன அண்ணன், சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து வைத்தான். உள்ளே அதே சிரிப்பு.

"வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் எடுத்துடலாம். ஆடுற பல்லை வச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படறே?"

"தேய்ச்சா ரத்தம் வருதுன்னு பிரஷ்ஷையே விட்டுட்டா. அப்படியே என்னை மாதிரி" என்றாள் அம்மா. குரலில் பெருமை வேறு.

"நான் எடுக்கமாட்டேன்."

"வம்சத்தை மீறிடுவியா?" என்றான் அண்ணன்.

"வம்சமா வந்து லாரிக்கு வழிகாட்டப் போகுது? என்னை கேட்டுல உக்காரவைக்கப் பாக்கறீங்களா எல்லாரும்?"

வெள்ளிக்கிழமை அவள் தானே தேடிப் பிடித்த ஒரு பல் டாக்டரம்மாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பிடுங்கிக்கொள்ள இல்லை, சண்டை பிடிக்க. எங்கள் வம்சத்தில் நாற்பதில் பல் போய்விடும் என்கிறார்களே, நிஜமா என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

டாக்டரம்மா மெல்லிய கம்பியால் ஈறை ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தாள். "வம்சமும் ஒரு காரணம்தான். இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா அது தனியா வந்து பல்லைப் பிடுங்காது. சர்க்கரை இருக்கா?"

"இருக்கு."

"மாத்திரை?"

"ஞாபகம் வந்தாப் போடுவேன்."

"கன்னத்துல புகையிலை அடக்குவீங்களா?"

ஆமாம் என்று தலையசைத்தாள். வேலையில் கண் சொக்காமல் இருக்க ஒரு உருண்டை எப்போதும் கன்னத்தில் இருக்கும்.

"ரத்தம் வந்தா ஈறு புண்ணாயிருக்குன்னு அர்த்தம். அதுக்காகத் தேய்க்கறதை விட்டா அழுக்கு கல்லாப் படிஞ்சு இன்னும் கெடும். கீழ ஒரு பல்லு தப்பாது. மத்ததைச் சுத்தம் பண்ணிப் பார்க்கறேன். பாதிதான் என் வேலை, மீதி உங்க கையில."

தெருவில் இறங்கியதும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அம்மா, சித்தி, மாமா என்று எல்லோர் கன்னத்திலும் அதே உருண்டை. எல்லோருக்கும் சர்க்கரை, எல்லோருக்கும் பிரஷ்ஷைக் கண்டால் பயம். இவ்வளவையும் சேர்த்து மூட்டை கட்டி வம்சம் என்று பெயர் வைத்துவிட்டார்களே! புகையிலைப் பொட்டலத்தைச் சாக்கடையில் வீசி எறிந்தாள்.

வீசுவது சுலபம். அப்புறம் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கை தானாகப் பொட்டலத்தைத் தேடியது. டிரைவர்கள் மேல் எரிந்து விழுந்தாள். காலையில் பிரஷ் சிவந்தது. சிவக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். டாக்டரம்மா ஈறுக்கடியில் சுரண்டச் சுரண்ட நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். "பல்லு போனாலும் வீம்பு போகாது இவளுக்கு" என்று சித்தி சிரித்தாள், அண்ணன் செய்த பல் அத்தனையும் தெரிய.

டாக்டரம்மா சொன்ன ஒரு பல் போனது. மற்றவை மெல்ல மெல்ல ஆட்டம் குறைந்து நின்றன. பிரஷ்ஷில் சிவப்பும் நின்றது.

நாற்பது பிறந்த அன்றைக்கு அண்ணன் பெட்டியோடு ஷெட்டுக்கே வந்துவிட்டான்.

"செஞ்சது வீணாப் போகுது. இன்னும் எத்தனை நாள் இழுப்பே?"

பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. விரலை வாயில் வைத்து இரண்டு தடவை அடித்தாள். ஷெட் முழுக்க எதிரொலித்தது. லாரி சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. "எங்க சீட்டிக்காரிக்கு வயசே ஆகாது" என்று டிரைவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் பெட்டியை மூடினான். நாக்கை வாய்க்குள் புரட்டிக்கொண்டு நின்றான்.

"எனக்கும் நாப்பது தாண்டினதுலேர்ந்து கீழ ரெண்டு ஆடுது" என்றான் கடைசியில். "ஊருக்கெல்லாம் அச்சு எடுத்தவனுக்குத் தன் வாயில எடுக்க மனசு வரல. அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க?"

அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவனுடைய இடது கன்னம் புடைத்திருந்தது. குப்பைக் கூடையைக் காலால் அவன் முன்னால் தள்ளினாள்.

"கூட்டிட்டுப் போறேன். முதல்ல வாயில இருக்கறதைத் துப்பு."