வருடா வருடம் பூசிய கோடு

என் வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவில் முந்திரிக்கொட்டை என்று பெயர். சிக்னலில் பச்சை விழுமுன்பே கியரைப் போட்டுவிடுவாராம். வீட்டிலும் அப்படித்தான். வானம் லேசாகக் கறுத்தால் போதும், கொடியில் காயும் துணியெல்லாம் ஈரத்தோடு உள்ளே வந்துவிடும். அதனால் நகரத்தைச் சுற்றி ரோடு போடுவதற்காக அளக்க வந்தவர்கள் எங்கள் வீட்டின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனதும், அன்று சாயங்காலமே அவர் பீரோவை நகர்த்த ஆரம்பித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எரிச்சல்தான்.

கோட்டுக்கு முன்னால் இருப்பது ரோட்டுக்கு, பின்னால் இருப்பது நமக்கு என்று அவர் விளக்கினார். முன்னால் இருந்தது என் தையல் அறை. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் கீழே மெஷின். அந்த வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடுவதுகூடத் துல்லியமாகத் தெரியும். போகிறவர் வருகிறவர் ஜன்னல் வழியாகவே அளவு ஜாக்கெட்டை நீட்டிவிட்டுப் போவார்கள்.

"அவங்க வர்றப்ப நகத்திக்கலாங்க. எனக்கு இங்கதான் வெளிச்சம்" என்றேன்.

"இடிக்க வர்றவன் சொல்லிட்டா வருவான்? மெஷினோட சேத்து அள்ளிட்டுப் போயிடுவான்மா."

நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. லீவு நாளெல்லாம் தானே சிமெண்ட் குழைத்து, தானே கல் அடுக்கி, பின்பக்கம் ஒரு சமையலறையும் அதை ஒட்டி ஒரு சின்ன அறையும் கட்டினார். குறை சொல்லக்கூடாது, கட்டுமானம் கெட்டி. ஆனால் அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூக்கை இடிக்கும். மெஷின் அங்கே போயிற்று. நானும் பட்டப்பகலில் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்தேன். முன் அறை ஜன்னலுக்கு ஆணி அடித்தாயிற்று.

ரோடு வந்ததா என்றால், அது கிணற்றில் போட்ட கல். முதல் காண்டிராக்டர் ஊருக்கு வெளியே தூண்களை நட்டுவிட்டு, கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்க, போட்டது போட்டபடி போய்விட்டார். இரண்டாமவர் வந்து, முதல் ஆள் கொட்டிய மண் சரியில்லை என்று தோண்டி எடுத்தார். தோண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றது. பிறகு ஏதோ ஒரு குளத்தின் பேரில் கேஸ். பேப்பரில் அவ்வப்போது "விரைவில்" என்று போடுவார்கள். இவர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். ரோடு வந்தால் நெரிசலில் மாட்டாமல் பஸ்ஸை ஓட்டிவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசையை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கோட்டை அவர் பராமரித்த விதம் இருக்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒரு சின்ன டப்பா சிவப்பு பெயிண்ட் வாங்கி வந்து, முக்காலியில் ஏறி, மங்கிய கோட்டின் மேலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசுவார். "கோடு அழிஞ்சுதுன்னு வையி, திரும்ப அளக்கறேன்னு வருவான். கை தவறி ஒரு இஞ்ச் தள்ளிப் போட்டா நம்ம நடுச்சுவர் போயிடும்" என்பார்.

தெருவில் மற்றவர்களின் கோடெல்லாம் மழையோடு போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா அதன் மேலேயே வெள்ளையடித்துவிட்டாள்.

"என்னக்கா, ரோடு வருதே?"

"வர்றப்ப வரட்டும்டி. அதுவரைக்கும் அழுக்குச் சுவத்தையே பாத்துட்டு உக்காரச் சொல்றியா?"

அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னிடமோ குளியலறையைத் தாண்டி, சந்து வழியாக வர வாடிக்கைக்காரர்கள் கூச்சப்பட்டார்கள். பாதிப் பேர் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். கண்ணுக்குக் கண்ணாடி வந்தது, பிறகு அந்தக் கண்ணாடியின் பவரும் ஏறியது. சண்டை போடவில்லை என்று சொன்னால் பொய். போட்டது பாதி, மனசுக்குள் சேர்த்து வைத்தது மீதி. ஒருநாள் மொத்தமாகக் கேட்கத்தான் போகிறேன் என்று வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு காலையில் அவர் முக்காலி மேல் நின்று பூசிக்கொண்டிருந்தார். நான் கீழே டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோளில் அளவுக் கருவியோடு இரண்டு ஆட்கள், முன்னால் சர்வேயர் பெண் ஒருத்தி.

"ஐயா, பின்பக்கத்துக்கு எப்படிப் போறது?" என்று கேட்டவள் நின்று பார்த்தாள். "என்ன பண்றீங்க?"

"உங்க கோடுதாம்மா. மங்கிடுச்சு."

"இந்தக் கோடா? அந்தப் பாதையை எப்பவோ விட்டாச்சே ஐயா. குளத்து கேஸ்லயே மாத்திட்டாங்க. இப்ப ரோடு உங்க வீட்டுக்குப் பின்னால போகுது."

அவர் பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் என் கையில் சொட்டியது.

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே?" என்று கேட்டேன்.

அவள் மென்று விழுங்கினாள். "பழைய கோடெல்லாம் தானா அழிஞ்சுடும்னு விட்டுட்டாங்கம்மா. நாங்களும் இந்தப் பக்கமா எத்தனையோ தடவை போயிருக்கோம். இது மட்டும் பளிச்சுனு புதுசா இருக்கவும், குடிதண்ணி டிபார்ட்மெண்ட்காரங்க போட்டதுன்னு நெனச்சுட்டோம்."

பின்பக்கம் போய், கருவியை நிறுத்தி, சமையலறைக்கும் வீட்டுக்கும் நடுவில் மஞ்சள் கோடு போட்டார்கள். கட்டினதுக்கு நஷ்டஈடு உண்டு, நோட்டீஸ் வரும் என்றாள். அவர் தான் வைத்த கற்களைத் தடவிப் பார்த்தபடி, "இது முழுசும் போயிடுமா?" என்றார். "ஆமா ஐயா. பழைய வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது." "எப்ப வருவீங்க?" "அதை மட்டும் கேக்காதீங்க ஐயா" என்று சிரித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.

என் வார்த்தைகளெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு நேரே முன் அறைக்குப் போய், ஜன்னலின் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். பிறகு ஒற்றை ஆளாக மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து பழைய இடத்தில் நிறுத்தினார். மூச்சு வாங்கியது. "உக்காரும்மா" என்றார்.

உட்கார்ந்தேன். வெளிச்சம் அப்படியேதான் இருந்தது. தெருவில் போன ஒருத்தி, "அட, ஜன்னலைத் திறந்துட்டீங்களா!" என்று நின்றாள். கறுப்பு நூற்கண்டை மாட்டி, நுனியை ஈரப்படுத்தி, மெஷின் ஊசிக் காதுக்குக் கொண்டுபோனேன். நூல் பக்கவாட்டில் நழுவியது. மறுபடி நழுவியது. இதே இடத்தில், தெருவில் நிற்பவர்களோடு பேசிக்கொண்டே, பார்க்காமல் கோத்தவள் நான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அப்போதும் காது தெரியவில்லை.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து என் விரலிலிருந்து நூலை வாங்கிக் கோத்தார். நான் இத்தனை வருடம் சேர்த்து வைத்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

"டெய்லி டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி கோத்துக் குடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"நடுவுல அறுந்துட்டா? கைத்தையலுக்கு வேற ஊசி வேணுமே."

அவர் மேஜை டிராயரிலிருந்து கைத்தையல் ஊசிப் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு துண்டுத் துணியில் வரிசையாகக் குத்தி வைக்கத் தொடங்கினார். எனக்குக் கைத்தையல் வேலை ஒன்றுகூட அன்றைக்கு இல்லை.