பிளம் ஓடையில் வந்த சாம்பல் குதிரை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்தெட்டு வருடங்களாக இதை விடுதிகளிலும் விருந்துகளிலும் சொல்லி வருகிறேன். கடைசியில் ஜூரிகள் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து குற்றவாளி இல்லை என்பார்கள்; கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மேசையைத் தட்டி ஆர்ப்பரிப்பார்கள்; எனக்கு இன்னொரு கோப்பை வரும்.

போன மாதம் கேலப் ஹார்ட்வெல்லை அடக்கம் செய்துவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த இளம் வக்கீல் ஒருவர், அந்தக் காலத்துக் கதை ஏதாவது சொல்லுங்கள் என்றார். வழக்கம்போல ஆரம்பித்தேன். முடிவு வரும் இடத்தில் நாக்கு எழவில்லை. இறங்கும் நிலையம் வந்துவிட்டதாகச் சொல்லி, இரண்டு நிலையம் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

ஆகவே எழுதுகிறேன். முதல் வரி:

1843ஆம் ஆண்டு வசந்தத்தில், இல்லினாய் புல்வெளிகளின் மேல் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டியபோது—

வேண்டாம். அந்த வசந்தத்தில் கதிரவனை யார் கண்டார்கள்? மூன்று வாரம் விடாத மழை.

சட்டம் என்பது மனிதனின்—

இதுவும் வேண்டாம். கிழட்டு வக்கீல் ஒருவன் இப்படி ஆரம்பித்தால் நானே எழுந்து போய்விடுவேன்.

நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். (இது இருக்கட்டும்.)

2

நீதிபதி தார்ன்பரி, எட்டு வக்கீல்கள். ஊருக்கொரு நீதிபதி கிடையாத காலம். வருடத்துக்கு இரண்டு முறை அவர் தம் வண்டியில் சுற்றுக்குக் கிளம்புவார். நாங்கள் குதிரைகளில் பின்தொடர்வோம். பதினொரு ஊர், மூன்று மாதம். சேணப்பையில் மாற்றுச் சட்டை ஒன்று, சட்டப் புத்தகம் ஒன்று. புத்தகத்தின் நடுவே எண்ணெய்த் தாளில் சுற்றிய பன்றி இறைச்சி. என் புத்தகத்தில் கொலைக் குற்றத்துக்கான பக்கங்கள் இன்றைக்கும் கொழுப்பு மணக்கும்.

விடுதிகளில் ஒரு கட்டிலுக்கு மூன்று பேர். நீதிபதிக்கு மட்டும் தனிக் கட்டில். பதவிக்கு மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அவரோடு படுத்தால் விலா எலும்பு மிஞ்சாது என்பது எங்களுக்குத்தான் தெரியும். காலையில் நீதிமன்றத்தில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுவோம். மதியம் ஒரே சட்டியில் சோள ரொட்டியைப் பிய்த்துத் தின்போம். வழியில் எங்களுக்கென்று ஒரு விளையாட்டு நீதிமன்றமும் உண்டு. மொக்கை ஜோக் சொன்னவருக்குத் தண்டனை, எல்லாருடைய குதிரைக்கும் தண்ணீர் காட்டுவது. அதிகம் தண்டனை பெற்றவர் நீதிபதிதான். வாளியைத் தூக்கிக்கொண்டு ஆடி ஆடிப் போவார்.

(இந்தப் பகுதியை இன்னும் பத்துப் பக்கம் எழுதலாம். சேற்றில் நனைந்த தோல் வாசனை, குதிரையின் வயிறு வரை வளர்ந்த புல், முழங்கால் நடுங்கக் குளிர்ந்த காலையில் அடுத்தவர் புகைக்குழாயிலிருந்து வாங்கிய புகை. எனக்குத் தெரியும், நான் எதையோ தள்ளிப்போடுகிறேன்.)

3

பிளம் ஓடை சாதாரண நாளில் முழங்கால் ஆழம். அன்று மதியம் அது ஆறாகப் போய்க்கொண்டிருந்தது. காத்திருக்கலாம் என்றார் நீதிபதி. கேலப் கேட்கவில்லை. அவர் எதற்கும் காத்திருப்பவர் அல்ல. முப்பத்தோரு வயது, ஒல்லி, பிடிவாதம். பாதி ஓடையில் அவர் குதிரைக்குக் கால் தப்பியது. குதிரை தனியாகப் போனது. கேலப் மூழ்கிக் கிடந்த மரமொன்றின் கிளையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

நாங்கள் எட்டுப் பேரும் கரையில் நின்று கத்தினோம். நீந்தத் தெரியாத நீதிபதி கோட்டைக் கழற்றினார். இரண்டு பேர் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அப்போதுதான் எதிர்க்கரைக் காட்டிலிருந்து ஒருவன் வந்தான். சாம்பல் நிறப் பெண் குதிரை. அதற்கு வலது காது பாதி அறுந்திருந்தது. கரையில் ஒரு கணம் நின்றான். எங்களையெல்லாம் பார்த்தான். பிறகு குதிரையை நேராக வெள்ளத்தில் இறக்கினான். கேலப்பின் கோட்டுக் காலரைப் பற்றி, ஈரத் துணியை இழுப்பது போல இழுத்து, எங்கள் கரையில் போட்டான். குதிரையின் கடிவாளத்தை நான்தான் பிடித்தேன். நீதிபதி அவன் பெயரைக் கேட்டார். அவன் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான்.

கூச்ச சுபாவம் போல என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

4

தண்ணீர் வடிந்ததும் ஓடையைக் கடந்தோம். மறுநாள் லிபர்ட்டி குரோவில் நீதிமன்றம் கூடியது. மரக்கட்டைச் சுவர், ஒரே ஜன்னல். அரசு வக்கீல் குளிர்காய்ச்சலில் படுத்திருந்தார். இப்படி நேரும்போது நீதிபதி எங்களில் ஒருவரை அரசுத் தரப்புக்கும் ஒருவரைப் பிரதிவாதிக்கும் நியமித்துவிடுவார். குதிரைத் திருட்டு வழக்கு ஒன்று. அரசுத் தரப்புக்குக் கேலப். எதிர்த் தரப்புக்கு நான், ஆரின் டெயில், வயது இருபத்தாறு. அதன் பிறகுதான் ஷெரீஃப் ஆளை உள்ளே அழைத்து வந்தார்.

அவன்தான்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். கேலப்பின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

கட்சிக்காரனோடு பேச அரை மணி நேரம் கொடுத்தார்கள். வெளியே ஓக் மரத்தடியில் நின்று பேசினோம். பெயர் ஜெப்தா ரோலின்ஸ் என்றான். குதிரை காணாமல் போனது திங்கட்கிழமை. கேலப்பைக் காப்பாற்றியது புதன். அன்று மாலையே அவனைப் பிடித்திருக்கிறார்கள். பிடிக்கும்போது குதிரை அவனிடம் இல்லை. ஓடைத் துறையருகே தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் இவனைப் போல ஒருவன் சாம்பல் குதிரையை நடத்திப் போனதாக ஒரு விவசாயி சொன்னான். அவ்வளவுதான் சாட்சி.

எதற்காக எடுத்தாய் என்று கேட்டேன்.

(இங்கே ஒரு நோயாளி மனைவியை எழுதினேன். இரண்டு பக்கம் இருமினாள். பிறகு அடித்துவிட்டேன். அப்படி ஒருத்தி இல்லை.)

"குதிரை நல்லா இருந்துச்சு, எடுத்துட்டேன்" என்றான். "அதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்க வக்கீலய்யா."

"காட்டுக்குள்ளயே இருந்திருந்தா ஒருத்தர் கண்ணுலயும் பட்டிருக்க மாட்டியே. கரையில ஜட்ஜே நிக்கிறாருன்னு தெரியாதா?"

"வண்டியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஆனா அந்த ஆளு கத்திக்கிட்டே இருந்தாரே."

"உள்ள எதிர்ப்பக்கம் உக்காந்திருக்கிறது அவருதான்."

"தெரியுது. கோட்டு இன்னும் காயல பாருங்க."

5

இனி வருவதை வெளியூர்க்காரர்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிரதிவாதியின் வக்கீலுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதே கடமை. ஆகவே நான் பார்த்ததைச் சொல்ல வேண்டியதில்லை. நீதிபதி சாட்சி சொல்ல முடியாது. மற்ற ஆறு பேரை யாரும் கேட்கவில்லை; அவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குதிரையின் மேல் ஜெப்தாவைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். பேச வேண்டிய கட்டாயம் அரசுத் தரப்பில் நின்ற ஒருவருக்கு மட்டும்தான். அவருக்குத்தான் அவன் உயிரைத் திரும்பக் கொடுத்திருந்தான்.

குதிரையின் சொந்தக்காரர் சாட்சி சொன்னார். விவசாயி சாட்சி சொன்னான். நான் கேட்ட இரண்டு கேள்விகளில் அவன் பார்த்தது சாம்பல் நிறமா, தவிட்டு நிறமா என்பதே அவனுக்குச் சந்தேகமாகிவிட்டது. ஜூரிகளில் ஒருவர் கொட்டாவி விட்டார். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

அரசுத் தரப்பில் வேறு சாட்சி உண்டா என்று நீதிபதி கேட்டார். கேட்டாக வேண்டும், அது முறை. ஆனால் அன்று அந்தக் கேள்வியை அவர் மேசையைப் பார்த்துக் கேட்டார்.

கேலப் எழுந்தார். ஈரக் கோட்டின் பித்தானைப் போட்டார், கழற்றினார்.

"ஒரு சாட்சி பாக்கி இருக்குங்க ஐயா" என்றார். "நான்தான்."

பைபிளில் கைவைத்து எல்லாவற்றையும் சொன்னார். கிளை, வெள்ளம், அறுந்த காது, கோட்டுக் காலர். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. குறுக்கு விசாரணைக்கு நான் எழுந்தேன். அவன் வராமல் இருந்திருந்தால் நீங்கள் இப்போது எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன். ஓடைக்கு அடியில் என்றார். அவனைக் காட்டிக்கொடுக்க உங்களைத் தவிர இங்கே யாராவது உண்டா என்றேன். இல்லை என்றார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டேன். அது ஜூரிகளுக்காக அல்ல. அவரைக் காயப்படுத்தவே கேட்டேன்.

"ராத்திரி தூக்கம் வருமா, மிஸ்டர் ஹார்ட்வெல்?"

"வராது" என்றார். "ஆனா சொல்லாம விட்டிருந்தாலும் வராது, ஆரின்."

நீதிமன்றத்தில் ஒருவரை முதல் பெயரால் அழைப்பது தவறு. நீதிபதி கண்டிக்கவில்லை.

6

முடிவு ஒன்று, விடுதியில் சொல்வது: குற்றவாளி இல்லை. மேசை தட்டல்.

முடிவு இரண்டு: ஜூரிகள் ஒத்துப்போகாமல் கலைகிறார்கள், கைதி ஜன்னல் வழியாக— (அந்த ஜன்னலில் ஒரு கோழிகூட நுழையாது.)

நடந்தது: மூன்று மணி நேரம் கழித்து ஜூரிகள் திரும்பினார்கள். தலைமை ஜூரர் அழுதிருந்தார். குற்றவாளி என்றார். சட்டம் அனுமதித்த மிகக் குறைந்த தண்டனையான ஒரு வருடச் சிறையை நீதிபதி விதித்தார். பிறகு எழுந்து போகாமல் என்னிடம் ஒரு தாள் கேட்டார். ஆளுநருக்கு மன்னிப்பு மனுவைத் தம் கையாலேயே எழுதி, முதல் கையெழுத்தைத் தாமே போட்டார். பன்னிரண்டு ஜூரிகளும் போட்டார்கள். குதிரையின் சொந்தக்காரரும் போட்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில் கேலப்பின் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. நாங்கள் செய்த அக்கிரமம் அது. எங்கள் எட்டுப் பேரின் மௌனத்தையும் அவர் ஒருவர் சுமந்தார். அதற்காகவே அவரை ஒதுக்கினோம். பொய் முடிவைச் சொல்ல ஆரம்பித்தது ஏனென்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த முடிவில் கேலப்பின் அருகே உட்காராதவர்கள் யாரும் இல்லை.

மறுநாள் காலை கேலப் சுற்றை விட்டு, மனுவோடு தலைநகருக்குக் கிளம்பினார். ஆளுநரின் வாசலில் ஐந்து வாரம் காத்துக் கிடந்ததாகக் கேள்வி. எதற்கும் காத்திருக்காத மனிதர்.

7

மன்னிப்பு கிடைத்தது. ஜூலையில் அவர் சிறைக்குப் போனார். போகும்போது தாம் ஏறிய குதிரையோடு இன்னொரு குதிரையையும் சேணம் பூட்டிக் கொண்டுபோனார். நல்ல பழுப்புக் குதிரை. ஜெப்தா ரோலின்ஸ் பெயருக்கு முறையாக எழுதிக் கையெழுத்திட்ட விற்பனைப் பத்திரத்தையும் வைத்திருந்தார். வழியில் அவரைப் பார்த்த ஷெரீஃப் என்னிடம் சொன்னது இது.

அக்டோபரில் இலையுதிர்காலச் சுற்று தொடங்கியபோது கேலப் எங்களோடு வந்து சேர்ந்தார். நீதிபதி வண்டியில் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார். கேலப் வேண்டாமென்று குதிரையிலேயே வந்தார். அந்தப் பழுப்புக் குதிரை, சேணத்தோடு, ஆளில்லாமல், அவர் பின்னால் வந்தது.

ஜெப்தா அதை மறுத்துவிட்டானா? படகேறி ஊரைவிட்டுப் போகிறவனுக்குக் குதிரை தேவைப்படவில்லையா? உனக்குத்தான் இது வேண்டும், சொந்தக் குதிரை வெள்ளத்தில் போய்விட்டதே என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தானா? அந்தப் பயணம் முழுவதும் கேலப்பின் பக்கத்திலேயே போனேன். ஒரு முறைதான் கேட்டேன்.

"அத விடுய்யா" என்றார்.

குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அல்லது இரண்டும் இருந்து, எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் நண்பர்களாக இருந்தோம்.

சிறை வாசலில் அவர்கள் பேசியதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"என்ன மன்னிச்சிரு" என்றார் கேலப். ஜெப்தா—

ஜெப்தா கடிவாளத்தைத் தொட்டுப் பார்த்து—

இரண்டு பேரும் எதுவும்—

மூன்றையும் அடித்துவிட்டேன். நாற்பது வருடம் வக்கீலாக இருந்து அடுத்தவர் வாயில் நிறைய வார்த்தைகளை வைத்தாகிவிட்டது. கதவு திறக்கிறது. உள்ளேயிருந்து ஒருவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருகிறான். வெளியே ஒருவர் இரண்டு குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்தபடி நிற்கிறார். யாராவது முதலில் பேசியாக வேண்டும்.

நான் அங்கே இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.