பனிமலைக்கு ஒரு மக்கு மாணவன்

“புரிஞ்சுதா?” என்று ஆசிரியர் கேட்டால் “புரிஞ்சுது சார்” என்று சொல்லும் கலையில் என்னை மிஞ்ச இந்தியாவில் ஒருவன் இன்னும் பிறக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மழை அளவைச் சொல்வதுபோல ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

இதில் நுணுக்கம் இருக்கிறது. கேள்வி முடிந்த உடனே சொல்லிவிடக் கூடாது. கவனிக்கவில்லை என்று தெரிந்துவிடும். ரொம்பவும் தாமதிக்கக் கூடாது, எழுப்பி நிறுத்திவிடுவார்கள். முன்வரிசைக்காரர்கள் ஆரம்பித்ததும் அவர்கள் குரலுக்கு அடியில் நம் குரலைச் செருகி, தலையைக் கன்றுக்குட்டி மாதிரி லேசாக ஆட்ட வேண்டும். தியாகதுருகத்தில் பள்ளிக்கூடத்தை இப்படியே முடித்து, கள்ளக்குறிச்சியில் பி.காம். கடைசி வருடம் வரை வந்துவிட்டேன். எனக்கு எதுவும் புரிந்ததில்லை. புரியவில்லை என்று எவரிடமும் சொன்னதுமில்லை. இரண்டும் சேர்ந்தால் நிம்மதி.

எங்கள் வகுப்பில் இந்த நிம்மதியைக் கெடுக்க ஒருத்தி இருந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வரும் சுபஸ்ரீ. முதல் வருடம், புள்ளியியல் வகுப்பு, கடைசி மணி. பேராசிரியர் கேட்டார், நாங்கள் பாடினோம், பையை மூடினோம். இவள் எழுந்து நின்று, “புரியல சார்” என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. வேறு யாராவது பேசினார்களா என்று பேராசிரியரும் சுற்றிப் பார்த்தார். பிறகு கணக்கை மறுபடி போட்டார். போடப்போட அவருக்கே புரியாமல் போய்விட்டது. நாங்கள் வெளியே வந்தபோது மலைக்குப் போகும் பஸ் போயிருந்தது. அது அவளுடைய பஸ்தான். அன்றைக்கே அவளுக்கு ‘டவுட்டு’ என்று பெயர் வைத்தேன். நல்ல பெயர். நிலைத்துவிட்டது.

மாயவன் ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சு. “புரிஞ்சுது சார்” என்பதை நான் மேல் குரலிலும் அவன் கீழ்க் குரலிலும் பாடுவோம். பள்ளி முடித்து அவன் கேட்டரிங் படித்தான். போன கார்த்திகையில் ஜார்ஜியா என்ற நாட்டில் ஒரு பனிமலை விடுதிக்குத் தட்டு கழுவப் போனான். ஒரு பனிக்காலத்துக்குத்தான் வேலை. சித்திரையில் பனி உருகியதும் வந்துவிடுவான். வந்ததும் கலெக்டர் ஆபீஸ் எதிரில் இருவரும் ஜெராக்ஸ் கடை போடுவதாக ஏற்பாடு. பெயர்கூட வைத்தாகிவிட்டது: ‘இளமாயா ஜெராக்ஸ்’. இளமாறன் என்ற என் பெயரில் பாதி, அவன் பெயரில் பாதி. மோகினிப் பிசாசு மாதிரி இருக்கிறது என்று சுபஸ்ரீ சொன்னாள். அவளை யாரும் கேட்கவில்லை. எதிர்காலம் என்று என்னிடம் இருந்தது மொத்தமும் அந்தக் கடைதான்.

பொங்கல் முடிந்த வாரம் மாயவன் போன் செய்தான்.

“மச்சான், என்னை ட்ரெயினிங்ல சேத்துக்கினாங்கடா.”

“இன்னா ட்ரெயினிங்? அண்டா கழுவவா?”

“பனில சறுக்கச் சொல்லித் தர்ற மாஸ்டர் வேலைக்குடா. பாம்பேலருந்து, துபாய்லருந்து நம்ம ஆளுங்க ஜாஸ்தி வராங்க. அவங்களுக்குக் கத்துக் குடுக்க நம்மூரு ஆள் ஒருத்தன் வேணுமாம். பாஸானா இங்கியே இருக்கலாம். ஃபெயிலானா ஊருதான், நம்ம கடைதான்.”

“வாழ்த்துகள்” என்றேன், கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவன் குரலில். மனசுக்குள்ளே ஏதாவது ஆகும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. போய் கரும்புக்குத் தண்ணீர் மாற்றிவிட்டேன்.

பிறகு வீடியோக்கள் வந்தன. சிவப்புச் சட்டை, பெரிய கண்ணாடி, காலில் நீளமாக இரண்டு பலகை, அதற்கு மேலே மாயவன். முதலில் விழுந்தான். அப்புறம் விழுந்து எழுந்தான். மாசி பிறப்பதற்குள் விழாமல் வந்தான். கோமுகி அணையில் தண்ணீரைப் பார்த்தாலே பாசி வழுக்கும் என்று ஓரமாக நடக்கிறவன், ஒரு மலையை முழுசாக வழுக்கி இறங்கி வந்து கேமராவுக்குக் கட்டை விரலைக் காட்டினான். நானும் ஒரு கட்டை விரல் அனுப்பினேன்.

பரீட்சையில் சறுக்குவது ஒரு பாதி. சொல்லிக்கொடுப்பது மறுபாதி. பரீட்சை வைக்கும் அம்மாவே ஒன்றும் தெரியாத மாணவியாக நடிப்பாராம். இவன் அவருக்கு வண்டியை, அதாவது காலை, நிறுத்தச் சொல்லித்தர வேண்டும். மாசியில் பரீட்சை முடிந்ததும் போன் செய்தான்.

“இன்னா ஆச்சு?” என்று கேட்டேன்.

“பலகை ரெண்டையும் முன்னாடி சேத்து, பின்னாடி விரிச்சா நிக்கும்னு கரெக்டா சொன்னன்டா. சொல்லிட்டு, அண்டர்ஸ்டாண்டான்னு கேட்டன்.”

“சரி.”

“நோன்னுட்டாங்க.”

இப்படி ஒரு பதில் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

“அப்புறம்?”

“சொன்னத்தையே மறுபடி சொன்னன். கொஞ்சம் சத்தமா.”

“அப்புறம்?”

“மறுபடி நோ. இன்னும் சத்தமா சொன்னன்.”

நம் ஊர்க் கல்விமுறையின் மூன்று படிகளையும் அவன் ஜார்ஜியாவில் முறையாக ஏறியிருந்தான். முட்டி போடச் சொல்லவில்லை என்பது மட்டும்தான் மிச்சம்.

“ஃபெயில்” என்றான். “கத்தாத, எந்த எடத்துல புரியலன்னு கேளுன்னு சொன்னாங்க. பங்குனில இன்னொரு சான்ஸ் இருக்குது. அதுவும் போச்சுன்னா அவ்ளோதான்.”

அவ்வளவுதான் என்றால் ஜெராக்ஸ் கடை. நான் வருத்தப்படுகிற மாதிரி ஒரு ஒலி எழுப்பினேன்.

“மச்சான், நீ எனுக்கு ஸ்டூடன்ட்டா இரு. பனியே பாக்காத ஆளு வேணும். தெனம் வீடியோ கால்ல சொல்லித் தரன்.”

மறுநாள் கொல்லை மேட்டில் போனை வரப்பில் சாய்த்து நிறுத்திவிட்டு நின்றேன். வெயில் கொதித்தது. அவன் முட்டியை மடக்கச் சொன்னான், உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்க்கச் சொன்னான், தாடையைத் தூக்கச் சொன்னான். “புரிஞ்சுதா?” என்றான்.

“புரிஞ்சுது.”

“இப்ப திரும்பறதுக்கு வெயிட்ட எந்தக் காலுக்கு மாத்துவ?”

“புரிஞ்சுது.”

“டேய்! ஒரு தடவையாவது புரியலன்னு சொல்லுடா. அதுக்குத்தானே உன்ன நிக்க வெச்சிருக்கறன்!”

“வாயில வர மாட்டேங்குதுடா.”

நிஜமாகவே வரவில்லை. தொண்டை வரை ஏறி, அங்கே வழக்கமான ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

மாயவன் யோசித்தான். “நீ சொல்லுவியே, உங்க கிளாஸ் டவுட்டு, அந்தப் பொண்ணு இருக்குது இல்ல?” என்றான்.

நான் கேன்டீனில் போய்க் கேட்டேன். சுபஸ்ரீ சிரிக்கவில்லை. “மாஸ்டரே கூப்ட்டு டவுட் கேளுங்கறது இதான் மொத தடவ” என்றாள். “ஞாயித்துக்கெழம எங்க ஊருக்கு வா. சரிவு இல்லாம சறுக்கறத எப்டி சொல்லிக் குடுப்பான்? நீயும் பக்கத்துல நிக்கணும். நான் மட்டும் கோமாளி மாதிரி நிக்க மாட்டன்.”

கச்சிராயபாளையம் தாண்டி மலைப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. சாமை அறுத்து முடித்த அவர்கள் கொல்லை, சாய்த்து வைத்த முறம் மாதிரி இருந்தது. பலகைக்கு என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் அவள் நான்கு நீள மரவள்ளிக் குச்சிகளைக் கொண்டுவந்து, ஆளுக்கு இரண்டாகச் செருப்போடு சேர்த்துச் சணலால் கட்டிவிட்டாள். போனில் மாயவன் தெரிந்தான். அவனுக்குப் பின்னால் எல்லாம் வெள்ளை. எங்களுக்குப் பின்னால் ஒரு மாடு.

“முன் நுனி ரெண்டையும் கிட்ட கொண்டாங்க. பின்னாடி விரிங்க. பீட்சாத் துண்டு மாதிரி. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது” என்றேன்.

“புரியல” என்றாள் சுபஸ்ரீ.

மாயவன் வாயைத் திறந்தான். குரல் உயரப்போவது தெரிந்தது. அப்புறம் அடக்கிக்கொண்டான். “எந்த எடத்துல புரியல?”

“பீட்சான்னியே, அங்கதான். நான் அத்த சாப்ட்டதே இல்ல.”

வெகுநேரம் யோசித்தான். “கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு சமோசா?”

“அது தெரியும்.”

“அந்த மூலை உங்க முன்னாடி இருக்கணும்.”

“சரி. ஆனா விரிச்சா எதுக்கு நிக்கணும்? சேத்து வெச்சா நிக்காதா?”

“அது… பலகையோட ஓரம் பனியக் கீறும். ஏர் மண்ணுல எறங்கனா மாடு மெதுவா போவுது இல்ல, அந்த மாதிரி.”

“ஆங். ஒரு பக்கம் மட்டும் அழுத்தனா?”

“திரும்பிடும்! அதான் திரும்பறது! நீயே சொல்லிட்டியே!”

அவன் முகம் இதுவரை நான் பார்க்காத ஒரு முகமாக இருந்தது. அவள் விழுந்தால் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று கேட்டாள். பயந்தவனை எப்படி எழுப்புவாய் என்று கேட்டாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தேடினான், கிடைத்தது, சொன்னான். எனக்கு விஷயம் நிதானமாகத் தெரிய வந்தது. இவள் கேள்வி மேல் கேள்வியாக மண் அணைத்து அவனை ஜார்ஜியாவில் நட்டுக்கொண்டிருக்கிறாள்.

போன் என் கையில் இருந்தது. நான் குச்சியோடு பக்கவாட்டில் நகர்ந்தேன். மாயவன் வாய் திறந்தபடி உறைந்து நின்றான். பிறகு படம் போய்விட்டது.

“சிக்னல் போச்சு” என்றேன்.

“பலா மரத்துக்கு அந்தாண்ட டவர் கெடைக்காது. இந்தப் பக்கம் வா.”

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். “வேணும்னே நவுந்த.”

“இல்ல. கால் மரத்துப் போச்சு.”

“எந்தக் கால்?”

இந்தப் பெண்ணிடம் எதையும் பொதுவாகச் சொல்ல முடியாது. யோசித்துப் பார்த்தேன். எந்தக் கால் என்று சொல்லத் தெரியவில்லை.

“அவன் பாஸாவக் கூடாதா உனுக்கு?”

“அப்டில்லாம் ஒண்ணியும் இல்ல.”

“பின்ன இன்னா?”

மாடு சாமைத் தாளை மென்றுகொண்டிருந்தது. நான் குச்சிகளை இழுத்துக்கொண்டு பலா மரத்துக்கு இந்தப் பக்கம் வந்தேன். மாயவன் மறுபடி வந்தான். “எங்கடா போனீங்க?” என்றான். “இங்கதான்” என்றேன். பொழுது சாயும்வரை சுபஸ்ரீ கேட்டாள், அவன் சொன்னான், நான் போனை அசையாமல் பிடித்திருந்தேன். இந்தக் கதையில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

பங்குனியில் அவன் பாஸானான். பரீட்சை வைத்த அம்மாவுக்குச் சமோசா தெரியவில்லையாம். எந்த இடத்தில் புரியவில்லை என்று கேட்டு, அவர்கள் வீட்டுக் கூரை எப்படி இருக்கும் என்று கேட்டு, அந்த முகட்டைக் காட்டினானாம். சுபஸ்ரீ வகுப்பில் மிட்டாய் கொடுத்தாள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். ஆரஞ்சு மிட்டாய். இனிப்பாக இருந்திருக்கும்.

சித்திரை வந்தது. ஒரு மத்தியானம் கலெக்டர் ஆபீஸ் எதிரில், நாங்கள் பார்த்துவைத்த கடையின் இறக்கிய ஷட்டருக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மனுவோடு வந்தவர்கள் நகல் எடுக்க எங்கே போவது என்று தெரியாமல் வெயிலில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தார்கள். அப்போது மாயவன் கூப்பிட்டான்.

“மச்சான், கோவப்படாத. வெயில் காலத்துக்கும் என்னை ஓட்டல்லியே வெச்சுக்கறாங்களாம். அடுத்த பனிக்கு மறுபடி மாஸ்டர். அப்புறம் ரெண்டாவது லெவல் ட்ரெயினிங். இப்போதிக்கு ஊருக்கு வர்றது இல்ல.”

“ம்.”

“கடைய நீ தனியாவே போட்டுடு. பேரு கூட நீ மாத்திக்கலாம். நான் இருந்தாதான் ஓடும்னு ஒண்ணியும் இல்ல. இன்னா, புரிஞ்சுதா?”

முன்வரிசைக்காரர்கள் இன்னும் ஆரம்பிக்கவில்லை. என் தலை தன் பழக்கத்துக்கு லேசாக ஆடியது. வாயைத் திறந்தேன்.

“புரியல” என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் கரும்பு டிராக்டர் ஒன்று போயிற்று. அது போய் முடியும்வரை மாயவன் பொறுத்திருந்தான். சத்தம் போடவில்லை.

“எந்த எடத்துலருந்து புரியல?”

“மொதல்லருந்து.”