முன்பல்லுக்கு ஒரு கேப்

அந்தப் பேருந்து நிலையத்தில் அவள் முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரல் தெரியாதவர்கள் ஒருத்தரும் கிடையாது. ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், தலைக்கு மேல் கடகடக்கும் ஒரு மின்விசிறி, இவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். "பயணிகள் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், டீ குடித்துக்கொண்டிருக்கிறவன்கூடக் கிளாஸை வைத்துவிட்டுக் காது கொடுப்பான். அதனால் எல்லோருக்கும் அவள் மைக்கு. தாலி கட்டிய புருஷனே அப்படித்தான் கூப்பிடுவான் என்றால் பாருங்களேன். அவனும் அங்கேயே பஸ் ஓட்டுகிறவன்.

இத்தனை பேசுகிற வாயை அவள் எந்த லட்சணத்தில் பார்த்துக்கொண்டாள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். காலையில் அடுப்பில் ஒரு கண், கடிகாரத்தில் ஒரு கண், வாயில் பிரஷ். ராத்திரி பல் தேய்ப்பதெல்லாம் விளம்பரத்தில் வருகிறவர்கள் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எப்போதோ குளியலறையில் வழுக்கி விழுந்து, மேல்வரிசை முன்பல் ஒன்று வாளி விளிம்பில் இடித்துக்கொண்டது. வலி போனது, அவளும் மறந்துபோனாள். பல் மட்டும் மறக்காமல் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. வலிக்காத பல்லை யார் சட்டை பண்ணுகிறார்கள்!

மகளின் கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்து, வீடே அதிரும்படி அவள் அழுதபோதுதான் எல்லோரும் பல் டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். டாக்டரம்மா சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைத்தார். பாப்பாவுக்கு இரண்டு வேளையும் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அம்மாக்காரி பக்கம் திரும்பினார்.

"பாப்பா பல்லு ஆச்சு. உங்க முன்பல்லு ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு?"

"அது ரொம்ப நாளா அப்படித்தான் டாக்டர். வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"வலி இல்லைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லம்மா. உள்ள நரம்பு செத்துப்போச்சு."

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தது. "வேரைச் சுத்தம் பண்ணிப் பார்க்கலாம். அதுக்கும் தாங்கலைன்னா எடுக்க வேண்டியதுதான்" என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னதில் முதல் பாதி மைக்குவின் காதில் ஏறவே இல்லை. எடுக்க வேண்டியதுதான் என்பது மட்டும் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. மெல்லிய ஊசிகளை விட்டு வேரைத் துழாவிச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். அடுத்து என்ன என்று செய்தி வரும் என்றார்கள்.

செய்தி அவளுடைய போனுக்கு வந்தது. "முன்பல். கேப். வியாழன் காலை வரவும்." அவ்வளவுதான்.

மைக்கு அதை மூன்று தரம் படித்தாள். கேப் என்ற சொல் அவளுக்குப் புதிதா என்ன? ஓர் அறிவிப்புக்கும் அடுத்த அறிவிப்புக்கும் நடுவில் கேப் விடாவிட்டால் ஜனங்கள் பஸ் மாறி ஏறிவிடுவார்கள். "கேப் விடும்மா, கேப் விடும்மா" என்று மேற்பார்வையாளர் சொல்லிச் சொல்லியே அவளை வேலைக்குப் பழக்கியிருந்தார். புருஷனுக்கோ கேப்தான் உலகம். கேப் கிடைத்தால் நுழைவான், கிடைக்காவிட்டால் ஹாரன் அடிப்பான். இந்த இரண்டு பேரும் அந்தச் செய்தியை வேறு எப்படிப் படிப்பார்கள்?

"பல்லைப் பிடுங்கி கேப் விடப் போறாங்க" என்றாள் அவள்.

"இரு, இரு. கேட்டுடறேன்" என்று அவன் பஸ் நிலையத்திலிருந்தே மருத்துவமனைக்குப் போன் போட்டான். சுற்றிலும் ஹாரன் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "முன்பல்லுல கேப்பா மேடம்?" என்று கத்தினான்.

"ஆமா சார், கேப்தான். டாக்டர் முடிவு பண்ணிட்டாங்க."

உறுதியாகிவிட்டது. பிறகென்ன, வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. முன்பல்லில் ஓட்டை விழுந்தால் ச என்கிற எழுத்து விசிலாக வரும். விசிலடிக்கிற வாயை மைக் முன்னால் யார் உட்காரவைப்பார்கள்? அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், பிடித்த வேலையும் அதுதான்.

"அதுக்கென்ன, ச வராம பேசிடலாம்" என்றான் புருஷன், பெரிய மந்திரி மாதிரி யோசித்துவிட்டு. "சற்று நேரத்தில் புறப்படும்னு எதுக்குச் சொல்ற? இப்போ புறப்படும்னு சொல்லு."

"சந்தை வழியா போற பஸ்ஸுக்கு?"

"அதை நான் வெளியில நின்னு கூவிடறேன்."

"அட போங்க! பஸ்ஸுன்னே சொல்ல முடியாதே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "நான் போகப் போறதில்ல. கறுப்போ சிவப்போ, இருக்கிற பல்லு இருந்துட்டுப் போகட்டும்." அவள் ஒன்று சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும்.

மாடியில் அவளுடைய ஓரகத்தி இருந்தாள், புருஷனின் அண்ணன் மனைவி. துணிக்கடையில் வேலை. மூத்தவள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தால், ஒன்று வாங்க வந்தவர்கள் மூன்று வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வரிசைப் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் மைக்குவுக்கு உள்ளுக்குள் எரியும். இன்னொரு குறையும் உண்டு. என்ன விசேஷமானாலும் மூத்தவள் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடவே மாட்டாள். தட்டில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். "நம்மகூட உட்கார்ந்தா மகாராணிக்குக் கௌரவம் குறைஞ்சிடும்" என்று மைக்கு புருஷனிடம் சொல்லாத நாளில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. அதற்காக ஒட்டும் கிடையாது.

புதன்கிழமை மத்தியானம் வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து மூத்தவள் கீழே வந்தாள். மைக்கு சமையலறையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் போகமாட்டேன்னு சொன்னியாமே. கொழுந்தனார் வந்து மாடியில புலம்பறாரு."

"எப்படிக்கா போறது? உங்களுக்கென்ன, வரிசையா வெச்சிருக்கீங்க. என் கஷ்டம் உங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

சொன்ன பிறகுதான் கொஞ்சம் அதிகம் என்று மைக்குவுக்கே பட்டது. மூத்தவள் கோபித்துக்கொள்ளவில்லை. போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள்.

"இது உன் மச்சாண்டாருக்கு மட்டும்தான் தெரியும். என் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது. வெளியில மூச்சு விடக் கூடாது, ஆமா."

சொல்லிவிட்டு வாய்க்குள் கட்டைவிரலை விட்டாள். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். கையை விரித்தாள். உள்ளங்கையில் ரோஸ் நிறத் தகடு ஒன்று, அதில் இரண்டு முன்பற்கள். மைக்குவின் கையிலிருந்த கரண்டி தொட்டிக்குள் விழுந்தது.

மூத்தவளின் மேலுதடு உள்ளே போய் முகமே வேறாகிவிட்டது. ஆனாலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "நல்லாப் பாத்துக்கோ. இப்போ கேளு" என்றாள். "ஸ்ஸ்ஸற்று நேரத்தில்... பஸ்ஸ்ஸு... புறப்படும்." விசில் பிரமாதமாக வந்தது. அப்புறம் தகட்டை உள்ளே அழுத்திக்கொண்டு, "சற்று நேரத்தில் பஸ் புறப்படும்" என்றாள். கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது.

"இத்தனை வருஷமா நான் பேசறதைக் கேட்டிருக்கியே, ஒரு நாளாவது விசில் வந்துச்சா? அவ்வளவுதான். பல்லு போனாலும் இந்த மாதிரி ஒண்ணு வெச்சுக்கிட்டு மைக் முன்னாடி உட்காரு. எவன் கண்டுபிடிக்கிறான்னு பாத்துடலாம்."

"எப்படிக்கா... எப்போ..."

"பெரியவன் வயித்துல இருக்கும்போது ஈறெல்லாம் வீங்கிச்சு. பல்லு தேய்ச்சா ரத்தம். பிரஷ்தான் குத்துதுன்னு நினைச்சு நானா தேய்க்கிறதையே விட்டுட்டேன், மக்கு. ரத்தம் வந்தாத்தான் இன்னும் ஒழுங்கா தேய்க்கணுமாம், டாக்டரைப் பாக்கணுமாம், யாருக்குத் தெரிஞ்சுது? ஊசி போடுவாங்கன்னு பயந்து போகவே இல்ல. ரெண்டும் ஆடி ஆடி, கடைசியில கையோட வந்துடுச்சு. பயந்தேன் பாரு, அதுல போனதுதான். நீயும் அதையே பண்ணாதே."

மைக்கு மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் மனசு சாப்பாட்டுத் தட்டுக்குப் போய்விட்டது என்று மூத்தவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். "தின்னது தகட்டுச் சந்துல போய் ஒட்டிக்கும். உடனே கழட்டிக் கழுவணும். பத்துப் பேர் நடுவுல எப்படிக் கழட்டறது சொல்லு" என்றாள். மைக்குவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். மைக்கு மூத்தவளின் கையை விடவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து, மேலே விளக்கு எரிந்த பிறகும் விடவில்லை. டாக்டரம்மா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே, "ரெடியா? இன்னைக்குப் பல்லைக் கொஞ்சம் இழைச்சு அளவு எடுத்துடுவோம்" என்றார்.

"பிடுங்கப் போற பல்லுக்கு எதுக்கு டாக்டர் அளவு?"

"யாரு பிடுங்கப் போறா?"

"நீங்கதான். பிடுங்கிட்டு கேப் விடணும்னு செய்தி வந்துச்சே. போன்லயும் ஆமான்னாங்களே."

டாக்டரம்மா ஒரு நிமிஷம் விழித்தார். அப்புறம் பக்கத்து மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், முகமூடி நழுவிவிட்டது. "ஐயோ அம்மா! கேப் விடறது இல்ல, கேப் போடறது! தலைக்குத் தொப்பி போடற மாதிரி பல்லுக்கு ஒரு உறை. உங்க பல்லு உங்க வாயிலயேதான் இருக்கும்!"

தமிழில் எழுதினால் தொப்பியும் கேப்தான், இடைவெளியும் கேப்தான். பல்லை மூடுகிற கேப்பை, பல் போன கேப்பாகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து படித்து வைத்திருந்தார்கள். அதற்குத்தான் இத்தனை அழுகை, இத்தனை தீர்ப்பு. மைக்கு சிரித்தாள், அழுதாள், எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை. என் பல், என் பல் என்று நாக்கால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஆனா வந்தீங்களே, அதைச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "நரம்பு எடுத்த பல்லு காய்ஞ்ச குச்சி மாதிரி. உறை போடாம விட்டிருந்தா என்னைக்காவது எதையாவது கடிக்கும்போது வேரோட பிளந்திருக்கும். அப்போ நிஜமாவே பிடுங்கித்தான் ஆகணும்."

ஊசி போட்டார்கள். உதடு மரத்தது. பல்லைச் சுற்றி இழைத்து, பசை மாதிரி ஒன்றைக் கடிக்கவைத்து அளவு எடுத்து, இப்போதைக்கு ஒரு பிளாஸ்டிக் உறையை ஒட்டினார்கள். அசல் உறை வந்ததும் மாற்றிவிடலாமாம். டாக்டரம்மா கருவிகளை எடுத்துவைக்கத் திரும்பியபோது மூத்தவள் குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அப்போ நான் கழட்டிக் காட்டினதெல்லாம் வீண்தானா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை ஓரகத்தியிடம் அவிழ்த்துவிட்டோமே என்கிற கலக்கம் கண்ணில் இருந்தது. மைக்கு சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். நாளெல்லாம் ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவள். ஆயுசில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லவேண்டிய நேரம் வந்தபோது உதடு ஒத்துழைக்கவில்லை.

"நீந்த காத்தலேந்நா நா வந்திதுக்கவே மாத்தேங்கா. என் பல்லு ஒதிஞ்சி போயிதுக்கும். உந்தலாலதாங்கா நித்துது."

எச்சில் தாடையில் வழிந்தது. தான் காட்டாவிட்டால் இவள் வந்தே இருக்கமாட்டாள், இவள் பல் நிற்பது தன்னால்தான் என்பது மூத்தவளுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. முந்தானையால் அவள் தாடையைத் துடைத்துவிட்டாள். அப்புறம், "டாக்டர், எனக்கும் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றாள்.

மைக்கு நாற்காலியை விட்டு இறங்கி, நாசூக்காக வெளியே போகப் பார்த்தாள். மூத்தவள் அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "நீ எங்க போற? இரு." பிறகு விளக்கு வெளிச்சத்தில், இரண்டு பேர் பார்க்க, தகட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்தாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தார், ஈறைத் தட்டிப் பார்த்தார். பல் ஓரத்தில் காரை கட்டியிருந்தது, அங்கங்கே ரத்தம் கசிந்தது. "இவ்வளவு நாள் விட்டிருக்க வேண்டாம். இருந்தாலும் பரவாயில்ல, பக்கத்துப் பல்லு எதுவும் இன்னும் ஆடல. ரெண்டு தடவை வந்து சுத்தம் பண்ணிக்கோங்க, சொல்றபடி தேய்ங்க. மிச்சம் எல்லாம் நிக்கும்."

"நிஸ்ஸமாவா டாக்தர்?" விசிலோடு வந்தது அந்தக் கேள்வி. மூத்தவள் வாயை மூடிக்கொள்ளவில்லை.

"நித்துமாங்கா! எல்லாம் நித்துமாம்!" என்று மைக்கு எச்சில் தெறிக்கக் கத்தினாள்.

"ஸ்ஸும்மா இரு, எஸ்ஸில் என் மேல தெறிக்குது."

"உந்த விதில்ல காது கியியுதே, அதுக்கு?"

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டரம்மாவுக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவர் ஒருத்தியின் மரத்த வாயையும் இன்னொருத்தியின் பொக்கை வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்களா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்தர்" என்றாள் மூத்தவள்.

மைக்கு எச்சிலைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.