மேகம் தொண்ணூற்றிரண்டு சதவீதம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்காக எனக்கு வெளியிலிருந்து கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நீலச் சீருடை, கழுத்தில் கம்பெனி அட்டை, மடியில் டிபன் டப்பா. பக்கத்தில் இருந்த இளம்பெண்ணின் போனில் ஏதோ வரைபடம் நகர்ந்துகொண்டிருந்தது. அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அதுல பழைய பூமி கெடைக்குமா?"

அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள் என்று தெரியாது. நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது, ஒழுங்குப் பிள்ளையாக இறங்கிவிட்டேன். அந்த அம்மாளுக்குப் பழைய பூமி எதற்கு என்பதை இப்போது நானே கண்டுபிடித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "ஒரகடத்தில் விடிகிறபோது ஆலைச் சங்கு ஊதும். அந்த ஒலியில் செந்தாமரை—"

வேண்டாம். இந்தக் காலத்தில் எந்தக் கம்பெனியில் சங்கு ஊதுகிறார்கள்? அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: "நிலம் என்பது மனிதனின்—"

இது மேடைப்பேச்சு. மைக் செட் இல்லை என்பதால் நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது: "செந்தாமரை தன் மூத்த மகளை எங்கே புதைத்தார்கள் என்று புருஷனிடம் முதன்முதலாகக் கேட்டது, இளையவளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான்."

இது நிற்கும் போலிருக்கிறது. இதிலேயே போகலாம்.

3

வழக்கத்தைச் சொல்லாமல் மேலே போனால் விளங்காது. பச்சைக் குழந்தை செத்தால் எரிக்க மாட்டார்கள். வீட்டு ஆண்கள் இரண்டு பேர் துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். பெற்றவளைக் கூட்டிப்போவதில்லை, இடத்தையும் சொல்வதில்லை. சொன்னால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாளாம். செந்தாமரையும் கேட்கவில்லை. பெயர் வைக்கும் நாள் வருவதற்குள் போய்விட்ட குழந்தை அது. அடுத்து கார்முகில் பிறந்தாள், வளர்ந்தாள், படித்தாள். இப்போது வரும் தை மாதம் அவளுக்குக் கல்யாணம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் கல்யாணம் என்றால், அதற்கு முன்னால் அந்த வீட்டில் செத்துப்போன பெண்ணைக் கூப்பிட்டுப் புதுத்துணியும் பூவும் வைத்துக் கும்பிட வேண்டும். பூவாடைக்காரி என்பார்கள். அவள் வந்து ஆசி சொன்னால்தான் கல்யாணம் நிறையும். செந்தாமரை ஒரு சின்னப் பாவாடை வாங்கி வந்தாள். நாத்தனார் கிளியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா அண்ணி இது? கைக்கொழந்தைக்கு ஏது பூவாட? பேரும் வெக்கல, எங்க பொதைச்சாங்கன்னும் தெர்ல. எத்த வெச்சி அவள கூப்புடுவ?"

கிளியம்மாள் கெட்டவள் இல்லை. கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் அது செந்தாமரைக்குள் அப்படிக் குத்தி நின்றது.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது டில்லிபாபுவைக் கேட்டாள்.

"யோவ், அன்னிக்கு அவள எங்கய்யா கொண்டும்போன?"

டில்லிபாபுவின் கை சோற்றிலேயே நின்றது.

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"ஒரு புடி மண்ணு வோணும். அத்த வெச்சினா அவள கூப்புட்றேன்."

"கால்வா வளையும் பாரு, ரெட்டப் பனையாண்ட. நானும் சித்தப்பாவும் போனோம். இப்ப கால்வாயும் இல்ல, பனையும் இல்ல, சித்தப்பாவும் இல்ல. நான் இன்னான்னு காட்டுவேன், சொல்லு?"

கால்வாய் இருந்த இடத்தில் இப்போது கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி இருக்கிறது. செந்தாமரை அங்கேதான் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். டில்லிபாபு அந்தக் கம்பெனிக்குத்தான் பஸ் ஓட்டுகிறான்.*

* இருவரையும் வேறு வேறு கம்பெனியில் போட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. ஊரே அந்தக் கேட்டுக்குள்தான் வேலைக்குப் போகிறது, நான் மட்டும் என்ன செய்ய?

4

மாரிசெல்வி தென்காசிப் பக்கத்துப் பெண். செந்தாமரை வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள். அதே கம்பெனியில் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் டிரெய்னி. ஒவ்வொரு மழைக்கும் கம்பெனிக்குள் தண்ணீர் புகுந்துவிடுவதால், பழைய கால்வாய் எங்கே ஓடியது என்று பார்த்துச் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. ஆட்டோவில் போகும்போது அவள் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். செந்தாமரை அங்கேதான் அந்த வாக்கியத்தைக் கேட்டாள்.

(நான் இறங்கிப் போய்விட்டேன். மாரிசெல்வியின் பதில் இது:)

"கெடைக்கும்க்கா. இணையத்துல ஒரு காப்பகம் இருக்கு. வானத்துல இருந்து எடுத்த படத்த வருசவாரியா சேத்து வச்சிருக்கான். நமக்கு எந்த எடம் வேணுமோ அதச் சுத்தி ஒரு கட்டம் போடணும், தேதி குடுக்கணும், எறக்கிக்கிடலாம். காசு பணம்லாம் இல்ல. ஞாயித்துக்கெழம மாடிக்கு வாங்க, காட்டுதேன்."

ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டுச் செந்தாமரை மாடி ஏறினாள். மாரிசெல்வி மடிக்கணினியைக் கட்டில்மேல் வைத்து, ஒரகடத்தைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தாள். மேகம் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும் படங்கள் வேண்டாம் என்று குறித்தாள். அப்படி வடிகட்டினால்தான் தரை தெளிவாகத் தெரியுமாம். குழந்தை போன வருஷத்தில், மழையெல்லாம் ஓய்ந்து மாசியில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. இறங்கி முடியும்வரை செந்தாமரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி.

படம் திறந்தது. கம்பெனி இல்லை, ஆறுவழிச் சாலை இல்லை. பச்சையும் பழுப்புமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். நடுவே கறுப்பாக ஒரு கோடு வளைந்து போனது.

"கால்வா!" என்றாள் செந்தாமரை. ஒரு மனுஷியைப் பார்த்த மாதிரி சொன்னாள்.

மாரிசெல்வி அந்த வளைவில் ஒரு புள்ளி வைத்தாள். அது இன்றைக்கு எங்கே வருகிறது என்று பார்க்க, புள்ளியின் எண்களை எடுத்துப் போனில் போட்டாள். போனில் வெள்ளை வெளேர் என்று ஒரு கடல் வந்து நின்றது.

"ஐயய்யோ, மாத்திப் போட்டுட்டேன்க்கா. அந்த ஃபைல்ல தீர்க்கரேகை எழுபத்தொம்பது முன்னால வரும், போன்ல அட்சரேகை பன்னெண்டத்தான் முன்னால போடணும். வடதுருவத்துப் பக்கம் போயிட்டோம்!"

மாரிசெல்வி சிரித்தாள். இதை எழுதும்போது நானும் சிரித்தேன். செந்தாமரை சிரிக்கவில்லை.

"அங்க யார்னா கீறாங்களா?"

"யாரும் இல்லக்கா. பனியும் கடலுந்தான்."

"சீக்கிரம் திருப்பிடு கண்ணு. குளுரும்."

5

எண்களைத் திருப்பிப் போட்டதும் புள்ளி கம்பெனிக்குள் வந்து விழுந்தது. சரியாகச் சொன்னால், புள்ளி அல்ல.

"பழைய படம்லா, இதுல ஒரு சதுரம் முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர்க்கா. அதுக்குள்ள பனை இருந்தாலும் ஆளு இருந்தாலும் எல்லாம் சேந்து ஒரே நெறமாத்தான் தெரியும். இந்தச் சதுரத்துக்குள்ள எங்கயோன்னுதான் சொல்ல முடியும்."

அந்தச் சதுரத்துக்குள் கேன்டீனின் பின்சுவர், கொஞ்சம் புல்தரை, பஸ் நிறுத்துமிடத்தின் மேற்கு மூலை எல்லாம் அடங்கின.

"அவ்ளோ எடமா எம் பொண்ணுக்கு?" என்றாள் செந்தாமரை. அவள் குரலில் ஏமாற்றம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பெருமைதான் இருந்தது.

பிறகு அவள் அந்த மேற்கு மூலையையே பார்த்தாள். அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. நிழலுக்காக எல்லா டிரைவர்களும் அந்த மூலைக்கு அடித்துக்கொள்வார்கள். டில்லிபாபு மட்டும் பஸ்ஸை நடு வெயிலில் நிறுத்துவான். ஷிப்டு முடிந்து ஏறினால் சீட்டு தோசைக்கல்லாகச் சுடும். அதற்காகப் பஸ் நிறையப் பேர் இருக்கையிலேயே அவள் அவனை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். கச்சிதமாகப் பொருந்துகிறது, கதைக்காரன் வேலை அப்பட்டமாகத் தெரிகிறது. வெட்டிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் அதற்குள் செந்தாமரை படிக்கட்டில் நின்று கீழே குரல் கொடுத்துவிட்டாள்.)

டில்லிபாபு மேலே வந்தான். திரையைப் பார்க்காமல் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"உனக்கு எடம் தெரியும். அதான் நீ நெழல்ல வண்டிய விட மாட்ட."

"தெரியாது, செந்தா. சத்தியமா தெரியாது. மழ ஊத்திக்கினு இருந்திச்சி, கண்ணே தெர்ல எனக்கு. அந்தாண்ட எங்கியோன்னு மனசுல ஒரு இது. அது மேல வண்டிய ஏத்த மனசு வல்ல."

இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் அந்தக் குழந்தையைச் சுமந்திருக்கிறார்கள்.

6

இனி முடிவு. முதலில் ஒன்று எழுதினேன்: திங்கட்கிழமை வேலைக்குப் போன செந்தாமரை, கேன்டீன் பின்புறப் புல்தரையில் குனிந்து டிபன் டப்பாவில் ஒரு பிடி மண் அள்ளுகிறாள். வெயில் முகத்தில்—

எழுதிக்கொண்டிருக்கும்போதே தோட்டவேலை பார்க்கும் சின்னப்பையன் என்கிற பெரியவர் குறுக்கே வந்துவிட்டார். "அது இங்கத்து மண்ணு இல்லம்மா. பள்ளத்த மூட லாரி லாரியா வெளியேர்ந்து கொட்னது. பழைய மண்ணு வோணும்னா ரெண்டாளு ஆழம் தோண்டணும்." அவர் சொன்னது உண்மை. டப்பா காலியாக வீடு திரும்பியது. அந்த முடிவும் போயிற்று.

7

அடுத்த ஞாயிறு செந்தாமரை மறுபடி மாடி ஏறினாள். இந்த முறை டில்லிபாபுவும் கூடவே வந்தான்.

"கண்ணு, நாங்க மாசி மாசத்து பூமிய பாத்தோம். அவ போன அன்னிக்கி எட்த்த படம் கீதா? காத்திக தீபத்துக்கு மறுநாளு. காலைல."

செயற்கைக்கோள் ஓர் இடத்துக்கு மேல் தினமும் வருவதில்லை. பதினாறு நாளுக்கு ஒருமுறைதான். சரியாக அந்த நாளில் வந்தது என்று எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி? வந்தது. காலை பத்து மணி வாக்கில் ஒரகடத்துக்கு மேலே கடந்து போனது.

"இருக்குக்கா. ஆனா பிரயோசனம் இல்ல. மேகம் தொண்ணூத்திரெண்டு சதவீதம்னு போட்டிருக்கு. அதான் அன்னிக்கு நான் வடிகட்டுனதுல வரல."

"காட்டு."

திரை முழுக்க வெள்ளை. எங்கேயும் தரை தெரியவில்லை.

"மழ," என்றான் டில்லிபாபு. எழுந்து கிட்டே வந்தான். "நாங்க போம்போது இத்தான் ஊத்திச்சி." கால்வாய் வளைவு இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தான். விரல்நுனியில் ஒரு கிராமமே மறைந்தது. "இதுக்குக் கீய தான் நான் நடந்துகினு கீறேன். கைல அவ."

செந்தாமரை வெகுநேரம் பார்த்தாள். அந்தக் குழந்தைக்குப் பிறப்புச் சான்று இல்லை, போட்டோ இல்லை, கல் இல்லை. அவள் இந்த உலகத்தில் இருந்த கடைசிக் காலை, அந்த மேகம் மட்டும், பத்திரமாக இருக்கிறது. எல்லாரும் வேண்டாம் என்று வடிகட்டிவிடும் படத்தில்.

"இத்த எறக்கிக் குடு. பிரிண்ட் போட்டு, பாவாட பக்கத்துல வெக்கணும். மத்தவங்க வூட்ல போட்டோ வெக்கறாங்க இல்ல?"

"இதுல ஒண்ணுமே தெரியலியேக்கா."

"இதுல தாம்மா அவ கீறா."

மாரிசெல்வி இறக்கினாள். காப்பகம் வைத்த பெயர் எழுத்தும் எண்ணுமாக ஒரு முழ நீளத்துக்கு இருந்தது.

"இந்தப் பேர்ல வச்சா நாளைக்குத் தேட முடியாதுக்கா. நீங்க ஒரு பேர் சொல்லுங்க, அந்தப் பேர்லயே வச்சிருதேன்."

பெயர் கேட்கும் பெட்டியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. டில்லிபாபு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"வெச்சிருந்தியா?"

வயிற்றில் இருக்கும்போதே வைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. செந்தாமரை தலையை மட்டும் அசைத்தாள்.

இங்கே நான் மூன்று பெயர்கள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். நல்ல பெயர்கள்தான். ஆனால் செந்தாமரைக்கும் டில்லிபாபுவுக்கும் மாரிசெல்விக்கும் பெயர் வைத்த எனக்கு, இவளுக்கு வைக்கக் கை வரவில்லை. வாய்விட்டுக் கூப்பிடாமல் உள்ளேயே வைத்திருக்கும் பெயர் ஒன்று உங்களிடம் இருக்கலாம். இருந்தால் அதைச் சொல்லுங்கள். மாரிசெல்வியின் விரல்கள் விசைகளின்மேல் காத்திருக்கின்றன. கீழே கிளியம்மாள் பூக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

செந்தாமரை வாயைத் திறக்கிறாள்.