இருட்டில் தெரிந்த கம்மல்

அந்த வீட்டு மருமகள்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பாலிமர் களிமண்ணில் நகை செய்தார்கள். வேகவைக்கும் சின்ன மின்அடுப்பும் ஒன்றே, தேய்க்கும் உருளையும் ஒன்றே. களிமண் பெட்டி மட்டும் தனித்தனி. பெரியவள் செய்தது கண்ணாடிக் களிமண்ணில் பூவிதழ்கள். பச்சையாக இருக்கும்போது மெழுகைப் பிசைந்தது போல வெளுத்துக் கிடக்கும் அந்த மண், பதமாக வெந்து சூட்டோடு சூடாக ஐஸ் தண்ணீரில் விழுந்தால் ஒளி ஊடுருவும் இதழாகிவிடும். சூடு கொஞ்சம் கூடினாலும் மஞ்சள் பாய்ந்து பாழாகும். அந்தப் பதம் அவளுக்குக் கைவந்திருந்தது. அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

சின்னவள் அதே மண்ணில் ஒளிரும் தூளைக் கலந்து, இருட்டில் மினுங்கும் மணிகளும் பதக்கங்களும் செய்தாள்.

"பேய்க்கு நகை செய்யறியாடி?" என்று பெரியவள் சீண்டுவாள்.

"பேய் பேரம் பேசாதுல்ல, அக்கா" என்று சின்னவள் தலை நிமிராமலே பதில் சொல்வாள்.

பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ளப் பெரியவள் தனக்கென்று ஒரு ஜோடி பூக்கம்மல் செய்ய உட்கார்ந்தாள். பாதி இதழ்கள் செய்வதற்குள்ளேயே மண் தீர்ந்துவிட்டது. சின்னவள் கடைக்குப் போயிருந்தாள். அவள் பெட்டியில் ஓர் உருண்டை வெள்ளையாக இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பாள், கேட்கத்தான் பெரியவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு வாங்கி வைத்துவிட்டால் போயிற்று என்று எடுத்துப் பிசைந்தாள். வெந்து வந்த இதழ்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தன. ஐஸ் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு கம்மலை டப்பாவில் மூடி வைத்தாள்.

வாங்கி வைக்க மறந்துபோனாள். மறதிக்கு யாரையும் நரகத்துக்கு அனுப்பமாட்டார் கடவுள். ஆனால் இரண்டு நாள் கழித்துச் சின்னவள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டு, "என் உருண்டையைப் பார்த்தீங்களா, அக்கா?" என்று கேட்டபோது பெரியவள் சொன்னதுதான் மறதியில்லை.

"மாமா கையில ஏதோ பார்த்த மாதிரி இருந்துச்சு."

அதை நம்புவதற்கு ஆதாரம் வீட்டிலேயே இருந்தது. மாமனார் ஒருமுறை மேசை மேலிருந்த களிமண்ணை விரிசல் அடைக்கும் மக்கு என்று நினைத்து ஜன்னல் சட்டத்தில் அடைத்துவிட்டார். அது எத்தனை நாளானாலும் இறுகாமல் இருக்கவே, மக்கு விற்ற கடைக்காரனைத் திட்டித் தீர்த்தார். வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சமீபத்தில் அவர் குழாயை மூடாமல் வந்திருக்கிறார், கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே தேடியிருக்கிறார். சின்னவள் அவரிடம் பக்குவமாகத்தான் கேட்டாள். பெரியவள் அப்போது அடுப்படியில் இருந்தாள், அந்தப் பேச்சு அவள் காதில் விழவில்லை. அது தூள் கலந்த உருண்டை என்றும், மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் தாதிகளுக்குச் சட்டையில் குத்த நட்சத்திரம் செய்ய வைத்திருந்தது என்றும், இருட்டில் வருவது யார் என்று தெரிந்தால் குழந்தைகள் பயப்படமாட்டார்கள் என்றும் சொன்னாள். பெரியவள் வெளியே வந்தபோது கிழவர் ஒவ்வொரு ஜன்னலாகப் போய் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கடைசியில் வந்து, "எடுத்தது எனக்கு நினைவே இல்லையேம்மா. மன்னிச்சுக்கோ" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் பெரியவள் தூங்கியிருப்பாள். அன்று சாயங்காலம் அவர் வீட்டுச் சாவியைப் பெரிய மகனிடம் கொடுத்துவிட்டார். தனியாக நடக்கப் போவதையும் நிறுத்தினார். டாக்டரிடம் காட்டவேண்டும் என்று மகன்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கழுவினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்து வந்தார் கிழவர். பெரியவள் அதைப் பார்த்தாள். உண்மை தொண்டை வரை வந்தது. வெட்கம் அதை உள்ளே தள்ளியது. ஒரு உருண்டை மண்ணுக்காகவா என்று சிரிப்பார்களே என்ற வெட்கம் முதலில். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற வெட்கம். அது நாளுக்கு நாள் வளர்ந்தது.

பிரார்த்தனைக் கூட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். முன் வரிசையில் சின்னவளும் பெரியவளின் கணவனும். பெரியவளின் தலைக்கு மேலேயே பெரிய விளக்கு. பாட்டு முடிந்ததும் மௌனமாக ஜெபிப்பதற்காக விளக்குகளை அணைத்தார்கள். பெரியவள் கண்ணை மூடினாள். ஆண்டவரிடம் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. எல்லா வேண்டுதலுக்கும் முன்னால் அந்த உருண்டை வந்து நின்றது.

தோளில் ஒரு விரல் பட்டது.

"தலையில முந்தானையைப் போட்டுக்கம்மா" என்றார் மாமனார், மூச்சோடு மூச்சாக.

விளங்காமல் அவள் காதைத் தொட்டாள். ஒரு கம்மலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இதழ் இதழாகப் பச்சையாய் ஒளிர்ந்தது. அந்தப் பச்சையை அந்த வீட்டில் ஒருத்திதான் செய்வாள். முன் வரிசையில் இருப்பவள் சும்மா திரும்பினாலும் போதும்.

அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள். கிழவர் தன் சால்வையை எடுத்து அவள் தலையிலும் காதிலும் போர்த்தி, கழுத்தருகே இழுத்துவிட்டார், குளிரில் வந்த பிள்ளைக்குப் போர்த்துவது போல. விளக்கு எரிந்தபோது எதிரே இருந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பாள். பிறர் தப்பை மூடிவைக்கும் கை ஒன்று உண்டு. அதன் கீழே நெடுநேரம் இருக்க மனசாட்சி உள்ளவர்களால் முடிவதில்லை.

வீடு திரும்பும்போது மற்ற இருவரும் முன்னால் போனார்கள். மாமனார் மெதுவாக நடந்தார். தெருவிளக்கடியில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்போ, நான் எடுக்கலையாம்மா?"

"இல்ல, மாமா. நான்தான் எடுத்தேன். தெரிஞ்சேதான் உங்க மேல சொன்னேன்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவரோ விளக்குக் கம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டு பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "நான் எடுக்கலை" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அவர் முகத்தில் வந்தது சந்தோஷம். அதைப் பார்த்தபோதுதான், அவரிடமிருந்து தான் எதை எடுத்திருந்தோம் என்று அவளுக்கு முழுசாகத் தெரிந்தது.

"சரி, விடு. எனக்குத் தெரிஞ்சா போதும். அவங்ககிட்ட எதுக்கு?" என்றார் அவர்.

"போதாது, மாமா" என்றாள் பெரியவள். முன்னால் போகிறவர்களைப் பார்த்து, "கொஞ்சம் நில்லுங்க" என்று கூப்பிட்டாள். தெருவில் போனவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். சால்வையைத் தலையிலிருந்து எடுத்து, நடந்ததைச் சொன்னாள். ஜன்னல் ஜன்னலாக அவர் தடவியதைத் தான் நின்று பார்த்ததையும் விடாமல் சொன்னாள்.

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். சின்னவள் அவளைத் தாண்டி நேராக மாமனாரிடம் போய், "உங்களைப் போய்க் கேட்டேனே, மாமா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவளுக்கு அன்று மன்னிப்புக் கிடைக்கவில்லை. கேட்டவுடன் கொடுத்துவிடக் கூடியதாக அது இருக்கவும் இல்லை.

நால்வரும் நடந்தார்கள். கிழவர் நடுவில் நிமிர்ந்து நடந்தபடி, அன்று காலை கண் விழித்ததிலிருந்து தான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். எந்தக் காலை முதலில் செருப்பில் விட்டார், யார் கதவைத் தட்டினார்கள், பேப்பரில் என்ன படித்தார். ஒன்று விடாமல் வந்தது. பெரியவள் இரண்டடி பின்னால் தங்கி, கம்மலைக் கைக்குள் பொத்திக்கொண்டு, வீடு வரும்வரை அவ்வளவையும் கேட்டுக்கொண்டே வந்தாள்.